யந்திரம் உரைக்கும் குறிமொழி

நாடி பார்த்து நோயறிதல் பண்டைய வைத்தியரின் மரபு. மோட்டார் வண்டியின் நோயையும் கைதேர்ந்த தொழிலாளர் நெடுங்காலம் அவ்வாறே அறிந்து வந்தனர். எஞ்சினின் ஓசையும் புகையின் நிறமுமே அவர்களுக்குச் சான்றுகள். இன்றோ கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சாலையோரக் கராஜ்களில் கையடக்கக் கருவியொன்றும் பேசுகின்றது. சொகுசுக் காரொன்றில் அதனைப் பொருத்தினால், 'பி 0171' என்பது போன்ற குறியீடு தோன்றும். இக்குறிமொழி பிறந்த வரலாறு சுவையானது.

அதன் மூலம் தொழிற்சாலையன்று. புகை சூழ்ந்த ஒரு நகரின் வானமே. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணைக் கரிக்கச் செய்த புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் கூடி நிகழ்த்தும் இரசாயன மாற்றமே காரணமென, 1950களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மிட் என்னும் அறிஞர் விளக்கினார். புகையைக் குறைக்கச் சட்டங்கள் எழுந்தன. எரிபொருளை நுட்பமாக அளக்க மின்னணுக் கருவிகள் எஞ்சினுள் புகுந்தன. அவை பழுதுற்றால் அறிவது எங்ஙனம்? வண்டியே தன் குறையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

1981ஆம் ஆண்டின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் ஒரு விளக்கு கண்சிமிட்டிக் குறையை உரைத்தது. ஒருமுறை சிமிட்டி, சற்றே நின்று, இருமுறை சிமிட்டினால் அது 12. கலிபோர்னியா 1988இல் இத்தகைய அமைப்பைக் கட்டாயமாக்கியது. எனினும் நிறுவனத்துக்கு நிறுவனம் மொழி வேறாயிருந்தது. 1990களின் மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் பலவற்றில் 38 முனைகள் கொண்ட வட்ட இணைப்பு இருந்தது. அதற்குரிய கருவியில்லாத சிற்றூர்த் தொழிலாளிக்கு அது திறவாத கதவே. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவற்றுக்கும் 16 முனைகள் கொண்ட ஒரே இணைப்பும் பொதுக் குறியீடும் விதிக்கப்பட்டன. பிற நாடுகளும் அவ்வழி நடந்தன. காற்றைக் காக்க எழுந்த சட்டம், மறைபொருளாயிருந்த அறிவையும் பொதுவுடைமையாக்கிற்று.

இம்மொழிக்கும் இலக்கணம் உண்டு. 'பி' என்பது எஞ்சினையும், அதன் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் உறுப்புகளையும் சுட்டும். அடுத்துள்ள சுழியம், அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்பதை உணர்த்தும். 'பி 0171' எனில் கலவையில் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துள்ளது. வெடித்த இறப்பர்க் குழாய், அழுக்கேறிய காற்றளவி, தளர்ந்த பெற்றோல் பம்பி ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். 'பி 0301' எனில் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது. பிளக், கொயில், எரிபொருள் தெளிப்பான் ஆகியவற்றை ஆராய வேண்டும். 'பி 0420' எனில் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி வலுவிழந்துள்ளது.

இங்கேதான் பேராபத்து உள்ளது. பிளாட்டினம் முதலிய அரிய உலோகங்கள் கொண்டமையால் வினையூக்கியின் விலை மிக அதிகம். சிலிண்டரில் எரியாத பெற்றோல் அதனுள் சென்று எரிந்தால் அது கருகிவிடும். ஆகவே இரு குறிகளும் ஒருங்கே தோன்றும்போது, முதற்குறையைத் தீர்க்காமல் வினையூக்கியை மட்டும் மாற்றுவோர், புதியதையும் இழப்பர். குறியீடு ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பன்று.

கடலோர ஊர்களில் மற்றொரு காரணமும் உண்டு. மருதமுனை முதல் பொத்துவில் வரை வீசும் உப்புக்காற்றின் ஈரம் மின்னிணைப்புகளில் பச்சைக் களிம்பைப் படிய வைக்கும். உணர்கருவி நலமாயிருக்க, அதன் கம்பி முனை அரிக்கப்பட்டிருந்தாலும் கருவியே கெட்டதுபோலக் குறி தோன்றும். களிம்பைத் துடைத்தாலே தீரும் குறைக்குப் புதுக் கருவி வாங்குவது வீண்செலவன்றோ!

2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் உள்ள வண்டியைப் பேணுவதையன்றி வேறு வழி இருக்கவில்லை. குறிமொழியைப் படிக்கும் கருவியை எவரும் வாங்கலாம். ஆனால், அது சொன்னதைக் கேட்டு, சொல்லாததைச் செவியாலும் கண்ணாலும் தேடும் பழைய கைத்திறனும் உடன் இருந்தாலொழிய வண்டியின் நோய் தீராது. உரிமையாளரின் பணமும் தப்பாது.