பீரங்கி விட்டுவைச்ச விளையாட்டுத் திடல்கள்

பெரிய நகரத்தில உடம்பை அசைக்கிறது எண்டால் இப்ப முதலில நினைவுக்கு வாறது ஜிம்தான். மாதக் கட்டணம், கண்ணாடிச் சுவர், எவ்வளவு ஓடினாலும் இடம் நகராத மெஷின். காசில்லாமல், சிரிச்சுக் கொண்டு ஓடி விளையாட வேணும் எண்டால் நகரத்துக்கு நடுவில ஒரு வெளி வேணும். காணி விலை ஏறின நகரங்களில அப்பிடியான வெளிகள் எப்பிடி மிஞ்சின? தேடிப் போனால் பல இடங்களில வந்து நிக்கிறது பீரங்கியில.

கோட்டையைச் சுற்றி மரமோ வீடோ இருந்தால் எதிரி ஒளிஞ்சு வரலாம். அதனால குண்டு பாயிற தூரத்துக்கு நிலத்தை வெறுமையாக வைத்தார்கள். 1757 பிளாசிப் போருக்குப் பிறகு கல்கத்தாவில புதிய வில்லியம் கோட்டையைக் கட்டேக்க, சுற்றியிருந்த காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். அதுதான் இண்டைக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தும் நடக்கிற மைதான். சென்னையில 1746 இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த அனுபவத்துக்குப் பிறகு, கோட்டையோடு ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இல்லாமல் போனது. இதுக்குள்ள வீடு கட்டக்கூடாது எண்டு 1773 இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒண்டு பாரிமுனையில இன்னும் நிக்குது. ஆனா தூண் காத்த வெளி நிக்கேல்ல, கட்டடங்கள் வந்திட்டுது.

கொழும்பு காலிமுகத்திடலும் கோட்டைக்கு முன்னால கிடந்த வெளிதான். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் அங்க நடைபாதை போடத் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பாதுகாக்க வேணும் எண்டு தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லிலேயே எழுதி வைத்தார். அவர் மனதில இருந்தது எந்தப் பெண்கள் எண்டு கேட்கத்தான் வேணும். அங்க குதிரைப் பந்தயமும் கோல்ஃபும் ஆடியது துரைமார்தான். இண்டைக்கு அதே திடலில யாரும் பட்டம் விடலாம். இடம் மிஞ்சினதால்தான் அந்த மாற்றமும் நடந்தது.

யாழ்ப்பாணத்தில எங்களுக்குக் கிடைத்தது முற்றவெளி. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திய கோட்டைக்கு முன்னால கிடக்கிற நிலம். துரையப்பா விளையாட்டரங்கும் அதை ஒட்டித்தான். பின்னேரங்களில பண்ணைக் கடலோரம் நடக்கிற சனத்தைப் பாருங்கோ, வயது வித்தியாசமே இல்லை.

அல்லைப்பிட்டியில இருந்து பாத்தால் அந்தக் கரை கடலுக்கு அங்கால கண்ணுக்குத் தெரியும். ஆனா 1990 க்குப் பிறகு தீவுகள் ஒரு படையிடமும் குடாநாடு இன்னொரு படையிடமும் இருந்த காலத்தில, பண்ணைப் பாலத்தால சைக்கிளில போய்வாறது எண்டதே இல்லை. 2006 இல் ஊரே திரும்பவும் இடம்பெயர்ந்தது. நகரத்துக்குள்ள எரிபொருள் தடை. சனம் உழக்கின சைக்கிள் உடற்பயிற்சிக்காக இல்லை, வேற வழி இல்லாததால. உடம்பை அசைக்கிறது வேற, ஆசைக்கு அசைக்கிறது வேற. ரெண்டாவதுக்குப் பயமில்லாத இடம் வேணும்.

கோட்டை வெளி இல்லாத நகரம் என்ன செய்யும்? கொலம்பியாவின் போகோட்டா 1974 டிசம்பரில வீதியையே வாகனங்களுக்கு மூடிப் பாத்தது. இப்ப ஞாயிறுகளில காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீற்றருக்கு மேல வீதிகள் சைக்கிளுக்கும் நடைக்கும் ஓட்டத்துக்கும் திறந்திருக்கு. பண்ணை வீதியை அப்பிடி மூட ஏலாது. தீவு நோயாளர் வாற பாதை அது. ஆனா நகரத்துக்குள்ள ஒரு வீதி, ஒரு ஞாயிறு காலை, மூணு மணித்தியாலம் ஏலாதா?

அதுவரைக்கும் கிளித்தட்டு இருக்கு. நிலத்தில கோடு கீறினால் போதும். ஒரு அணி கோடுகளில நிண்டு மறிக்கும், மற்ற அணி தட்டுப்படாமல் கடைசிக் கோடு வரை போய்த் திரும்பும். பத்துப் பேர் சேர்ந்தால் ஜிம்மில வராத வேர்வை வரும். பெடியள் மட்டும் ஆடிப் பெட்டையள் பாத்துக் கொண்டிருக்கிற ஆட்டமாக அது இருக்கத் தேவையில்லை.

வெறும் நிலத்தைக் கண்டால் கடைத்தொகுதியும் வாகனத் தரிப்பிடமும் கட்டத்தான் எல்லாருக்கும் ஆசை. முந்தி அந்த ஆசையை மறிச்சது பீரங்கி. இனி மறிக்க வேண்டியது அங்க போய் விளையாடுற நாங்கள்தான். ஆளில்லாத வெளியை எடுக்கிறது லேசு; ஆக்கள் ஓடிக் கொண்டிருக்கிற வெளியை எடுக்கிறது கஷ்டம்.