இரவுப் பறப்பில் மறையும் மலை

2011 நவம்பர் 23ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரிலிருந்து புறப்பட்ட சிறியரக விமானம் சில நிமிடங்களில் சூப்பர்ஸ்டிஷன் மலையில் மோதியது. மூன்று சிறுவர்கள் உட்பட அதிலிருந்த ஆறு பேரும் உயிரிழந்தனர்.

இயந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. பீனிக்ஸ் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பரப்பு அப்போது அவ்விடத்தில் 5,000 அடியில் ஆரம்பித்தது. அனுமதியின்றி அதனுள் நுழைய முடியாது. விமானம் அதற்குக் கீழே 4,500 அடியில் பறந்தது. மலையுச்சியோ ஏறத்தாழ 5,000 அடி. நிலவற்ற இரவில், நகர வெளிச்சத்தைத் தாண்டியதும் மலையும் வானும் ஒரே இருளாகிவிடும்.

விமானி ராடர் கண்காணிப்பைக் கோரவில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் விமானத்தில் இருக்கவில்லை.

வான்பரப்பின் எல்லை ஏனைய விமானங்களிலிருந்து மட்டுமே காக்கும், மலையிலிருந்து அல்ல. கருவிப் பறப்பு விதிகள் மலைப்பகுதியில் கோரும் 2,000 அடி இடைவெளியை, கண்பார்வையை நம்பிப் பறப்போரும் இரவில் பேணுவதே பாதுகாப்பு.