கிரகணமும் ஒரு சிவப்பு மச்சமும்

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் போயிருந்தேன். வரிசையில எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை. குழந்தைக்கு நெத்தி, இமை, கன்னம்னு பாதி முகம் செக்கச்செவேல்னு மச்சம். பக்கத்துல நின்ன பாட்டி, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்திருப்பே"ன்னாங்க. அந்தப் பொண்ணு தலை குனிஞ்சுக்கிட்டா. நான் ஏதாவது சொல்லியிருக்கணும். சொல்லலை. அதான் இந்தப் பதிவு.

தோல்ல இருக்கற நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிஞ்சே இருக்கறதால வர்ற சிவப்பு இது. போர்ட் ஒயின் மச்சம்னு பேர். இதுக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டுன்னு 1860-லேயே ஷிர்மர்ங்கற ஜெர்மன் டாக்டர் எழுதிட்டார். 1879-ல லண்டன்ல ஸ்டர்ஜ், ஆறரை வயசுச் சிறுமி ஒருத்தியைச் சக டாக்டர்கள் முன்னாடி காட்டினார். முகத்துல மச்சம், வலிப்பு, மச்சம் இருந்த பக்கத்துக் கண் பெருசு. மூளை மேலயும் இதே மாதிரி இருக்கணும்னார். 1922-ல வெபர் எக்ஸ்ரே மூலமா மூளை பாதிப்பைக் காட்டினார். ஸ்டர்ஜ்-வெபர் நோய்ங்கற பேர் அப்படி வந்ததுதான்.

அதே 1922-ல வான் லோகைசன்ங்கற டச்சு டாக்டர், பளிங்குக் கல் மாதிரி வரிவரியா ஊதாத் தோலோட பிறக்கற குழந்தைகளைப் பத்தி எழுதினார். அது இன்னும் அபூர்வம். அதுலயும் சில குழந்தைகளுக்குக் கண் அழுத்தம் வரும்.

கண்ணுக்குள்ள ஊறுற நீர் வெளியேற முடியாம அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை அரிச்சுடும். அதான் குளோகோமா. போன பார்வை திரும்பாது.

இங்கதான் நம்ம ஊர் வருது. 1819-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரி, அதாங்க நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. அங்க இருந்த எலியட், கருவிழி ஓரத்துல குட்டியா வட்டத் துளை போட்டு அந்த நீரை வடிய விடற ஆபரேஷனை 1909-ல எழுதி வெளியிட்டார். உலகமே அதைப் பண்ணுச்சு. 1968-ல கெய்ர்ன்ஸ் கொண்டு வந்த டிரபெகுலெக்டமிக்கு முன்னோடி அதுதான்னு சொல்லலாம். (இதே எலியட் பின்னாடி லண்டன்ல, இந்தியக் கயிறு வித்தை வெறும் கதைன்னு நிரூபிக்கக் கிளம்பினவர். அது தனிப் பதிவு :))

சரி, மச்சம் ஏன் வருது? 2013-ல விடை கிடைச்சுது. கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லுல, ஜிஎன்ஏக்யூங்கற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறிடுது. அந்த செல்லோட வாரிசுகள் போற இடமெல்லாம் பாதிப்பு. பரம்பரை இல்லை, கிரகணம் இல்லை, அம்மா செஞ்சது எதுவும் இல்லை.

சிவப்பா இருக்கற எல்லாமே ஆபத்தில்லைங்க. பிறந்த குழந்தை நெத்தியில இருக்கற வெளிர் சிவப்பு பெரும்பாலும் தானா மறைஞ்சுடும். அடர்த்தியா, நெத்தியிலயும் இமையிலயும் இருந்தாத்தான் சீக்கிரமா கண் டாக்டர்கிட்ட காட்டணும். கண்ல நீர் வடியறது, வெளிச்சம் பாத்தா கூசறது, ஒரு கண் மட்டும் பெருசாத் தெரியறது இதெல்லாம் அறிகுறி. எதுவுமே தெரியலைன்னாலும் அழுத்தம் பாக்கணும், வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே இருக்கணும். பின்னாடி கூட வரும்.

வல்லக்கோட்டையில இருந்து ஒரகடம் வழியா தாம்பரம், அங்கிருந்து ரயில் ஏறினா எழும்பூர். அவ்வளவுதான் தூரம். அடுத்த கிருத்திகைக்கும் போவேன். அந்தப் பொண்ணைப் பாத்தா, பாட்டி பக்கத்துல இருந்தாலும், சொல்லிடணும்: "உன் மேல தப்பில்லைம்மா. குழந்தை கண்ணை மட்டும் காட்டிடு."