கோவிலுக்குப் போய்விட்டு வந்து எழுதியவர்

பக்திமான் ஒருவர் வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறார் என்றால் என்ன எதிர்பார்ப்போம்? ஒரு வசனம், ஒரு குட்டிக்கதை, கடைசியில் ஒரு நீதி. நானும் அப்படித்தான் நினைத்தேன், பிரான்சுவா மோரியாக்கைப் பற்றிப் படிக்கும் வரை. மனிதர் பிரான்ஸ் தேசத்துக்காரர், தீவிர கத்தோலிக்கர். 1885இல் போர்தோ நகரத்தில் பிறந்தவர். 1952இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். நான் சொல்லப்போவது அவருடைய நாவல்களைப் பற்றி அல்ல. நோபல் வாங்கிய பிறகு, கிட்டத்தட்ட எழுபது வயதில், அவர் தொடங்கிய ஒரு பத்தியைப் பற்றி.

பத்தியின் பெயர் 'பிளோக்-நோட்'. நம்ம ஊர் குறிப்பு நோட்டு மாதிரிதான். தேதி போட்டு டைரி போல எழுதுவார். ஒரு நாள் பூசைக்குப் போனது, ஒரு நாள் பாஸ்கலைப் படித்தது, ஒரு நாள் மாலகாரில் இருந்த தன் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் நடந்தது. அடுத்த வரியிலேயே ஒரு மந்திரியைப் பிடித்துக் காய்ச்சி எடுப்பார்! பக்தி, புத்தகம், அரசியல் மூன்றுக்கும் தனித்தனி அறை கிடையாது.

இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். 1952 டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் பரிசு வாங்குகிறார். அதே நாட்களில், பிரான்சின் பிடியில் இருந்த மொராக்கோவின் காசாபிளாங்காவில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். துனிசியத் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹஷேத் கொல்லப்பட்டதற்கு எதிரான போராட்டம் அது. போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். ஊர் திரும்பியதும் நடந்ததைக் கேள்விப்பட்ட மோரியாக்கால் சும்மா இருக்க முடியவில்லை. 1953 ஜனவரியில் 'ல ஃபிகாரோ' பத்திரிகையில் எழுதினார். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: நாம் கிறிஸ்தவர்கள் என்றால் அங்கே நாம் செய்வதற்குப் பெயர் என்ன?

அந்தப் பத்திரிகையின் வாசகர்கள் பெரும்பாலும் வசதியான, கோவிலுக்குப் போகிற குடும்பத்துக்காரர்கள். அதாவது அவருடைய சொந்த சனம். அவர்களுக்குத்தான் கோபம் வந்தது. 1953 ஆகஸ்டில் மொராக்கோ சுல்தானைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தினார்கள். அப்போது பிரான்சின் வெளியுறவு மந்திரி ஜோர்ஜ் பிதோ. அவரும் கத்தோலிக்கர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர். மோரியாக் அவரையும் விடவில்லை. கடைசியில் பழைய பத்திரிகையில் இடம் இறுகிப்போய், 1953இல் தொடங்கியிருந்த 'லெக்ஸ்பிரஸ்' என்ற புது வார இதழுக்குப் போனார். இளைஞர்கள் நடத்திய, மதச்சார்பில்லாத பத்திரிகை அது. அங்கே போய் ஒரு கிழவர் ஈஸ்டரைப் பற்றி எழுதுகிறார்! அவர்களும் போட்டார்கள்.

1954 நவம்பர் 1. நமக்கு அது புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நாள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இங்கே பேச்சுவார்த்தையில் முடிந்தது, அங்கே முடிய ஏழு வருடத்துக்கு மேல் ஆனது.

போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1955 ஜனவரி 15 அன்று மோரியாக் 'கேள்வி' என்று தலைப்பு வைத்து எழுதினார். பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் விசாரணைச் சித்திரவதைக்கு அதுதான் பெயர். பிரெஞ்சுப் போலீஸ் அல்ஜீரியர்களைச் சித்திரவதை செய்கிறது என்று அவ்வளவு சீக்கிரமே பகிரங்கமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. 1958இல் ஹென்றி அலெக் தான் பட்ட சித்திரவதையைப் புத்தகமாக எழுதினார். அதற்கும் அதே பெயர். அரசாங்கம் அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்தது.

சரி, மனிதர் எப்போதும் சரியாகவே இருந்தாரா என்றால், இல்லை. 1940இல் நாடு ஜெர்மனியிடம் தோற்றபோது மார்ஷல் பெத்தேனைப் பாராட்டி எழுதியவர்தான். சீக்கிரமே மனம் மாறி, 1943இல் புனைபெயரில் நாஜிகளுக்கு எதிராக ரகசியப் புத்தகம் போட்டார். போர் முடியும் தறுவாயில் எதிரியோடு கைகோத்தவர்களுக்குத் தண்டனை என்று வந்தபோது, இரக்கம் காட்டச் சொன்னார். அல்பேர் காம்யு நீதிதான் வேண்டும் என்றார். இருவருக்கும் பத்திரிகைகளில் பெரிய சண்டை. மோரியாக்கைக் கேலி செய்து பட்டப்பெயர்கூட வைத்தார்கள். தன்னை வசைபாடிய கூட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பிரசியாக்கின் உயிருக்காக டி கோலிடம் நேரில் போய்க் கேட்டார். பலனில்லை, 1945 பிப்ரவரியில் சுட்டுவிட்டார்கள். ஆனால் 1948இல் காம்யு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், துறவிகள் மடம் ஒன்றில் பேசும்போது, அந்த வாதத்தில் அடிப்படையில் மோரியாக் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். இருவர் மேலும் மரியாதை கூடுகிறது.

பின்னாளில் டி கோல் மேல் அளவு கடந்த பக்தி வந்துவிட்டது அவருக்கு. அதனாலேயே 1961இல் லெக்ஸ்பிரஸை விட்டு வெளியேறி, மறுபடி ஃபிகாரோ குழுமத்தின் இலக்கிய வார இதழில் பத்தியைத் தொடர்ந்தார். 1970 செப்டம்பர் 1 அன்று இறந்தார்.

எனக்கு மனதில் நிற்பது ஒன்றுதான். அடுத்த மதத்துக்காரனின் தப்பை எழுதுவது சுலபம், நம் ஆட்களே கைதட்டுவார்கள். மோரியாக் எழுதியது ஞாயிற்றுக்கிழமை தன் பக்கத்தில் முழந்தாளிட்டவர்களைப் பற்றி. தொண்டையில் வந்த நோயால் 1930களிலிருந்தே அவருக்குக் குரல் கம்மிப்போயிருந்தது, கிசுகிசுப்பாகத்தான் பேச முடியும். ஆனாலும் அது கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. மொராக்கோ சுல்தான் 1955இல் நாடு திரும்பினார், 1956இல் மொராக்கோ சுதந்திரம் பெற்றது. அதற்கு இவர் மட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தவர்களில் இவர் இல்லை, அவ்வளவுதான்.

நம் சாதி, நம் மதம், நம் கட்சி தப்பு செய்யும்போது நாம் எழுதுவோமா? எனக்கு என்னைப் பற்றியே சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.