கடலடியில் கிடந்த கர்டர்கள்

653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி அருகே அலைக்குள் போனதோடு சென்ற இதழ் முடிந்தது. இந்த வாரம் புதிய பாம்பன் பாலம் வரும் என்று அறிவிப்பு. வரும். அதற்குமுன் ஒரு 46 நாள் கதை குறுக்கே நிற்கிறது.

அந்த ரயிலை விழுங்கிய 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல்தான் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களை வாரிச் சுருட்டிக் கடலில் போட்டது. கப்பலுக்கு வழிவிட நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குக்கண் மட்டும் அசையவில்லை. அதைத் திறந்து மூட மோட்டார் கிடையாது. ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் செக்கு சுற்றுவதுபோலச் சுற்றினால் இரண்டு இறக்கைகளும் மெல்ல மேலெழும். இந்த வகைத் தூக்குக்கண்ணைக் கண்டுபிடித்த வில்லியம் ஷெர்சர் 1893-இல் இறந்துவிட்டார். இப்படி ஒரு பாலம் எழுந்ததை அவர் பார்க்கவேயில்லை!

1914-இல் மாயவரம் ஜங்ஷனில் போட் மெயில் ஏறியவர்களைத் தலைமன்னார்க் கப்பல் வரை கொண்டுசேர்த்த பாதை இது. இதைச் சீராக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. மூன்றே மாதம் என்று மேலதிகாரி குறுக்கினார். பொறுப்பு 32 வயது ஸ்ரீதரன் தலையில் விழுந்தது. பிற்பாடு கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்.

புதிய கர்டர்கள் வெகுதூரத்திலிருந்து வர வேண்டும். வந்து சேர்வதற்குள் கெடு தீர்ந்துவிடும். அப்போதுதான் பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கும் சேதியை மீனவர்கள் கொண்டுவந்தார்கள். அவற்றைத் தேடித் தூக்கி, பழுது நீக்கி, பழைய தூண்கள்மேலேயே ஏற்றினார்கள். 46-ஆம் நாள் வேலை முடிந்தது. ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சர் பரிசு ஆயிரம் ரூபாய்.

ஸ்ரீதரன் கெட்டிக்காரர்தான், மறுக்க முடியாது. ஆனாலும் இந்தக் கதையின் நிஜ நாயகர்கள், நீரோட்டம் தெரிந்த அந்த மீனவர்கள்தான். ஸ்ரீதரனைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அந்த மீனவர்களின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

புதிய பாலத்துக்கு மிஞ்சியிருப்பது சில வரிகள்தான். பழைய தூக்குக்கண்ணில் பழுது கண்டு 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். செங்குத்தாக எழும் 72.5 மீட்டர் தூக்குக்கண்ணோடு புதியது 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. இரும்பைத் தின்னும் உப்புக்காற்று அங்கே மாறிவிடவில்லை. துருவைப் பற்றி ரயில்வே பாதுகாப்பு ஆணையர் திறப்புக்கு முன்பே எழுதிவிட்டார்.

திறப்பு நாளில் கொடியசைத்துவிட்ட தாம்பரம் ரயில் மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக ஓடுகிறது. டெல்டாக்காரர்களுக்கு லாபம். ஆனால் தீவில் அது ராமேஸ்வரத்தோடு நின்றுவிடும். தனுஷ்கோடி வரை 17 கிலோமீட்டர் பாதைக்கு 2019 மார்ச்சிலேயே அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 208 கோடி. சுற்றுச்சூழலைக் காட்டி மாநில அரசு வேண்டாம் என்றது. அந்த இழுபறி அடுத்த இதழில்.

(தொடரும்)