புழுவுக்கா நோபல்?

2024 அக்டோபரில் மருத்துவ நோபல் அறிவித்த மறுநாள், இங்கே புனேயில் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் பக்கத்து சீட் மராட்டிக்கார நண்பர் கேட்டார்: "ஒரு மில்லிமீட்டர் புழுவை ஆராய்ந்ததற்கா நோபல்?" அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். (பிளஸ் டூவில் பயாலஜியைக் கண்டு ஓடியவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

பரிசு வாங்கியவர்கள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன். இருவரும் 1980களில் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால், புழு சின்னப் பருவத்தில் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். லின்-14 கெட்டால் நேர் எதிர். அந்தப் பருவத்தையே தாண்டிக் குதித்துவிடும். ஆக, இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. என்ன தொடர்பு?

பிறகு ஆளுக்கொரு ஆய்வகம் அமைத்து, ஆம்ப்ரோஸ் லின்-4ஐயும் ரவ்குன் லின்-14ஐயும் துருவினார்கள். ஆம்ப்ரோஸ் குழுவில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 இருக்கும் டி.என்.ஏ. துண்டைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். புரதம் செய்வதற்கான குறிப்பு எதுவும் அதில் இல்லை. கடைசியில் மிஞ்சியது வெறும் 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ. ஒன்று. 1992 ஜூனில் இரு தரப்பும் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டன. லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.வுடைய வால் பகுதியில் பல இடங்களில் இந்தக் குட்டித் துண்டு ஜோடி சேர்வதை இருவருமே கண்டுகொண்டார்கள். அங்கங்கே பல் உடைந்த ஜிப் மாதிரி. அப்படி ஒட்டிக்கொண்டால் அந்தத் தூதிலிருந்து புரதம் தயாராவது அடங்கிவிடும்.

1993 டிசம்பரில் 'செல்' இதழில் இரண்டு கட்டுரைகளாக வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவின் தனிக் கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருடம்! 2000இல் ரவ்குன் குழு லெட்-7 என்ற இன்னொன்றைப் பிடித்தது. அது மனிதன் வரைக்கும் எழுத்து மாறாமல் இருந்தது. 2001இல்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயரே வைத்தார்கள்.

இனி மூளை. கருவில் மூளை உருவாகும்போது மூலச் செல்கள் முதலில் பெருக வேண்டும், பிறகு நேரம் பார்த்து நின்று நியூரானாக மாற வேண்டும். புழுவின் அதே பிரச்சினை! இங்கே முக்கிய ஆள் மிர்-124. நியூரானுக்குரிய முறையில் தூது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதைத் தடுத்துவைக்கும் பி.டி.பி.பி.1 என்ற புரதத்தை இது அடக்குகிறது. தடுப்பவனைத் தடுக்கும் வேலை.

2005இல் ஒரு குழு மிர்-124ஐக் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களில் செலுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் குரல் தணிந்தது. மூளையிலும் தணிந்தே இருக்கும் மரபணுக்கள்தான் அவற்றில் நிறைய. 2011இல் இன்னும் துணிந்து, மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் மிர்-9, மிர்-124 இரண்டையும் செலுத்தினார்கள். சில செல்கள் நியூரான்களாகவே மாறின. (கூடவே வேறு சில மரபணுக்களையும் சேர்த்தபோது பலன் கூடியது.)

நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்று. புழுவுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்த அந்த லின்-4க்கே நம்மிடம் ஒரு உறவினர் உண்டு, பெயர் மிர்-125. அது ஏராளமாக இருக்கும் இடங்களில் ஒன்று நம் மூளை.