ஆவாரம்பூ கறுப்பாய்த் தெரிந்த காலம்

மார்கழி முடியும் நேரத்தில் சேலம் வட்டாரத்துச் சந்தைகளில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக் கூரையிலும் நிலைப்படியிலும் வயல் மூலையிலும் செருகுகிற காப்புக்கட்டு அது. அந்தக் கட்டை 1860களில் யாராவது படம் பிடித்திருந்தால், பூளை வெள்ளையாகவே விழுந்திருக்கும். ஆவாரம்பூவோ கறுத்துப் போயிருக்கும்.

அன்றைய கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அது குருடு. பொன்னாய்ப் பூத்துக் குலுங்கும் கொன்றை கரிக்கொத்தாக வரும். எல்லா நிறங்களுக்கும் ஓரளவு சமமாக ஈடுகொடுக்கும் தகடுகள் கடைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கோடையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கிற நம் காடுகளுக்கு இந்தத் தாமதம் பெரிய இழப்பு.

இன்னொரு தடை காற்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒரே நீண்ட சுருளாக ஒட்டினார். லின்னேயஸ் என்ற தாவரவியலாளரின் பெயரைச் சுமந்திருந்தவர், கல்லைத்தான் படமெடுத்தார். அதில் வியப்பில்லை. நீண்ட நேரம் வெளிச்சம் வாங்கவேண்டிய காகித நெகட்டிவுக்குக் கோபுரம் அசையாமல் நிற்கும், பூங்கொத்து நிற்காது.

ஆகவே நம் ஊர்ச் செடிகளின் முகத்தை முதலில் பதிவு செய்தவை காமிராக்கள் அல்ல, செய்தவர்கள் ஓவியர்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ‘ஐகோனெஸ்’ நூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்த இருவர் ரங்கையா, கோவிந்து. படங்களின் அடியில் இவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் எத்தனையோ இந்திய ஓவியர்கள் பெயரில்லாமலே போனார்கள் என்பதை நினைத்தால், இது சிறிய காரியமல்ல. வைட் ஒரு படி மேலே போய் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இந்த இருவரின் வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பது சொற்பம். ஆனால் அவர்கள் இழுத்த கோடுகளைப் பார்த்து இன்றும் தாவரவியலாளர்கள் செடியை அடையாளம் காண்கிறார்கள்.

படத்தோடு கூடவே உலர்செடியும் வேண்டும். பறித்த செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, பலகைக்கிடையில் அழுத்தி, ஈரம் போகத் தாளை மாற்றிக்கொண்டே வந்து, கெட்டித்தாளில் ஒட்டி வைப்பார்கள். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த தாவரவியலாளர் கோனிக் காலத்திலிருந்து இன்றைய கல்லூரி உலர்செடிக் காப்பகம் (ஹெர்பேரியம்) வரை முறை பெரிதாக மாறவில்லை. செங்காந்தளை அழுத்தி எடுத்தால் ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்த வடிவு கிடைக்கும், கொடி பற்றிக்கொள்ளச் சுருண்ட இலைநுனி கிடைக்கும். நிறம் மட்டும் பழுப்பாகிவிடும். பூவின் நிறம், இடம், தேதி மூன்றையும் செடி வாடுமுன் சீட்டில் எழுதிவிட வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வது அதனால்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பி. எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் நூல் வெளியிட்டபோதும் கோட்டோவியத்தையே நம்பினார். அவர் மனைவியும் வரைந்தார். அந்த ஃபைசனோடு மலைகளில் செடி தேடிப் போன மாணவர்களில் ஒருவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பிற்காலத்தில் காட்டுயிர்ப் புகைப்படத்தில் நாடறிந்த அவர் வண்ணப் படச்சுருளைத் தொடவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்தார், நிறத்தை எழுத்தில் வைத்தார். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிய பத்தியில் யானைக்குக் கிடைத்த அதே மரியாதை வேலியோரச் செடிக்கும் கிடைத்தது.

இத்தனைக்கும் நடுவில், முதலில் சொன்ன சேலம் வட்டாரத்தின் கல்வராயன் மலை எங்கே இருந்தது? பெரிய மலைவாசத் தலங்களுக்குக் கிடைத்த கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் போனார்கள். போன இடத்துப் பூவை எழுதினார்கள். கல்வராயன் மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை, மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் நெடுங்காலம் இருந்த மலை. சின்னசேலம் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் நீலக்கோடாகத் தெரியும். அதன் செடிகள் முறையாக நூலேறியது திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து புறப்பட்ட கே. எம். மாத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியாரின் உழைப்பால். தமிழகத்தின் ‘கர்நாடிக்’ பகுதியின் தாவரங்கள் பற்றி 1981 தொடங்கி அவர் வெளியிட்ட பெருந்தொகுதிகளில் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எல்லாம் அடக்கம். 1982இலும் 1988இலும் வந்த படத்தொகுதிகள் முழுக்கக் கோட்டோவியங்கள்.

காமிரா கைக்கு வந்து நூறாண்டு கடந்த பின்னும் பேனா ஏன்? ஓவியர் பூவை நெடுக்காகப் பிளந்து உள்ளே இருக்கும் சூலகத்தையும் காட்டுவார். ஒரே தாளில் மொட்டையும் காயையும் விதையையும் வைப்பார். புகைப்படத்துக்கு ஒரு கிளை, ஒரு நொடிதான். காந்தளை எடுத்துக்கொண்டால் விளங்கும். விரிந்த புதிதில் இதழ் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும். கடைசியில் முழுச்சிவப்பு. மூன்று பருவத்துப் பூவும் ஒரே கொடியில் ஒருசேரத் தொங்குவதுண்டு. அதில் ஒன்றை மட்டும் எடுத்து இதுதான் காந்தள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மழைக்காலம் போனதும் கொடியே காய்ந்து, மண்ணுக்குள் கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் இருக்கும். பங்குனியில் அந்த வேலிக்குப் போகிறவருக்குச் செடி இருந்த தடமே தெரியாது.

டிஜிட்டல் காமிராவும் செல்போனும் இந்தக் கணக்கை மாற்றின. 36 படத்துச் சுருளில் செடிக்கு ஒன்றோ இரண்டோதான் ஒதுக்க முடிந்தது. இப்போது மொட்டு, பூ, இலையின் அடிப்பக்கம், பட்டை, காய் என்று ஒவ்வொன்றையும் எடுக்கலாம். தேதி தானாகவே பதிந்துவிடுகிறது. 2008இல் தொடங்கிய இந்திய பல்லுயிர்த் தளம் இப்படி எடுத்த படங்களைப் பொதுமக்களிடமிருந்தே வாங்கித் தொகுக்கிறது. ரங்கையாவின் தூரிகைக்குப் பின் வந்த மிக நல்ல கருவி இந்தக் காமிராதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதுவும் கண்ணைப் பறிக்கும் பூவின் பக்கமே சாய்கிறது. மாசியில் இலையுதிர்த்து மஞ்சளாய் எரியும் கோங்கிலவும், செந்தழலாய் நிற்கும் புரசும் வண்டியை நிறுத்த வைக்கும். கடுக்காய் மரம் நிறுத்த வைக்காது.

கல்வராயனுக்குப் பேர் வாங்கித் தந்ததே கடுக்காய். பனிக்காலம் தொட்டு அதைப் பொறுக்கி மலையிலிருந்து கீழே இறக்குகிறார்கள். பூவோ பங்குனி, சித்திரையில், புதுத்தளிரோடு வருகிறது. விரல்நீளக் கதிரில் ஒட்டிய, மங்கல் வெள்ளையான, துர்வாடை வீசும் சின்னஞ்சிறு பூக்கள். கிளையோ தலைக்கு வெகு உயரத்தில். அதைப் படமெடுக்க வருகிறவர் காய் பொறுக்கிய அதே மரத்தடிக்கு வெயிலில் திரும்பி வந்து, முதலில் குனிந்து தரையில் உதிர்ந்த கதிரைத் தேட வேண்டியிருக்கும்.